முப்பதாம் பிட்

ஜனவரி. மூன்று மணிக்கே நிடெல்வா ஆறு கறுத்துவிட்டது.
ஹீட்டர் மேல் என் ஈரக் கையுறைகள்.
மேக்ஃபைலில் ஆஸ்பியோர்ன் விட்டுப்போன வரி இன்னும் இருக்கிறது:
இந்தச் சோதனையை ஓட்டாதே.
பக்கத்தில் குறிப்பு: சும்மா கத்துகிறது, பிறகு பார்க்கலாம்.
பிறகு என்பது மூன்று வருடம்.
அவன் இப்போது பெர்கனில். படகு வாங்கிவிட்டானாம்.

வரியை நீக்கிவிட்டுக் கம்பைலரை ஓட்டினேன்.
கத்தியது.

முகவரி பத்து பிட்டுக்குள் அடங்க வேண்டும், அடங்கவில்லை என்றது.
அது காட்டிய எண்ணை விரித்துப் பார்த்தேன்:
நூற்றேழு கோடியே முப்பத்தேழு லட்சத்து
நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.
இரண்டே கம்பிகள் ஓடுகிற தெருவில்
இவ்வளவு பெரிய கதவிலக்கம்.

மின்பலகையின் விவரக் கோப்பில்
அந்தக் கம்பிகளில் தொங்குகிறவை எல்லாம் வரிசையாக நிற்கும்:
வெப்பமானி, உப்புமானி, ஆக்சிஜன் மானிகள்,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
எல்லாம் படர்க்கை. அது, அது, அது.

ஒரு வரி மட்டும் அப்படியில்லை.
அங்கே எண் வெறும் எண்பத்திரண்டு.
அதற்கு வெகு மேலே, ஆளில்லாத உயரத்தில்,
முப்பதாம் பிட்டில் ஒரு ஒன்று.
அது முகவரி இல்லை.
எண்பத்திரண்டு என்று யாராவது கூப்பிட்டால்
அது நான்தான் என்று
இந்தச் சில்லு தன்னைச் சொல்லிக்கொள்வது.
தன்மை ஒருமை.

சோதனையை எழுதியவர் படர்க்கை மட்டும் படித்தவர்.
'நான்' என்றதையும் எண்ணோடு சேர்த்துக் கூட்டிவிட்டார்,
கதவில் எழுதிய பெயரையும்
இலக்கமாக வாசிக்கிற தபால்காரர் மாதிரி.

உள்ளே இறங்கினேன். சி மொழியில் நாற்பது வரி.
முதல் தடவை மேல் பிட்டுகள் எல்லாவற்றையும் துடைத்தேன்.
சோதனை ஊமையானது. எதைக் கொடுத்தாலும் சரி என்றது.
அது திருத்தம் இல்லை,
ஆஸ்பியோர்னின் வரியை என் கையெழுத்தில் எழுதுவது.
அழித்தேன்.

அடுத்த தடவை முப்பதாம் பிட்டை மட்டும் விலக்கினேன்.
கோப்பில் அது இருக்கட்டும்,
கணக்கில் மட்டும் வேண்டாம்.
எண்பத்திரண்டு அமைதியானது.
எதிர் மேசையில் டோர்கெய்ர் காபிக் கோப்பையை உயர்த்திக் காட்டினான்.

கோப்பை இறங்குவதற்குள் இன்னொரு வரி.

முகவரி பத்து பிட்டுக்குள் அடங்கவில்லை:
ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு.

இதன் தலைமேல் எந்த ஒன்றும் இல்லை.
இது யாரும் தன்னைச் சொல்லிக்கொண்டது அல்ல, வெறும் பிழை.
நான்கு, எட்டு என்று அடித்து நிறுத்த வேண்டிய இடத்தில்
விரல் ஒரு சுழியம் கூடுதலாகப் போட்டிருக்கிறது.

ஃப்ரோய்யா தீவுக்கு வெளியே, ஏழாம் கூண்டின் ஆக்சிஜன் மானி.
இல்லாத கதவை மூன்று வருடமாகத் தட்டியிருக்கிறோம்.
பதில் வராவிட்டால் நிரல் தானாக ஓர் அளவைத் தரும்:
ஒன்பது புள்ளி சுழியம்.
பனியில் ஒன்பது.
பாசி மண்டிய ஆகஸ்டில், மற்றக் கூண்டுகளில் சால்மன்கள்
மேலே வந்து வாய் திறந்தபோதும் ஒன்பது.
பண்ணையில் ஏழுக்கு நல்ல பெயர்.

யார் எழுதிய வரி என்று வரலாற்றைத் திறந்தேன்.
ஆஸ்பியோர்னைத் திட்டுவதற்கு வாய் தயாராக இருந்தது.

ரங்னில்ட் எய்டே.
ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கு ஐம்பத்திரண்டு.

தன்மை ஒருமை. இறந்தகாலம்.

பண்ணைக்குப் போன் போட்டேன்.
ஹால்வர்டின் குரலுக்குப் பின்னால் காற்று,
தீவனம் குழாயில் சரசரவென்று ஓடும் சத்தம்.
"ஏழாவதா?" என்றான். "அது நல்ல கூண்டாச்சே."

கையில் பிடித்து அளக்கிற மானி
படகில் இருக்கிறதா என்று கேட்டேன்.

இருக்கிறது, என்றான்.
பேட்டரிதான் பார்க்க வேண்டும்.